மலைப்பள்ளியும் மதிப்பீடும்: நீலகிரியின் சிறு வகுப்பறைகள் எழுப்பும் கேள்விகள்

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, தொடக்கப் பள்ளிக்கான ஆசிரியர் எண்ணிக்கையைத் தன் அட்டவணையில் வகுத்துள்ளது. முதல் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை மொத்தம் 60 மாணவர்கள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள், 90 வரை மூவர், 120 வரை நால்வர் என்பது அக்கணக்கு. இதன்படி, மாணவர் எண்ணிக்கை அறுபதைத் தாண்டாத எந்தப் பள்ளியிலும் ஓர் ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு அல்லது மூன்று வகுப்புகளைக் கவனித்தே ஆகவேண்டும். பணியிடம் காலியாக இருப்பதாலோ ஒருவர் விடுப்பில் செல்வதாலோ நேரும் குறையாக இதைக் கருத முடியாது, ஏனெனில் சட்டமே முன்கூட்டி ஏற்றுக்கொண்ட நிலை இது. நீலகிரியில் இந்நிலை பல இடங்களில் இயல்பானது. படகர்களின் ஹட்டிகளும், தோடர்களின் மந்துகளும், தேயிலைத் தோட்டங்களின் லயன் வீடுகளும், கூடலூர், பந்தலூர் வட்டங்களின் பழங்குடிக் குடியிருப்புகளும் மலை மடிப்புகளில் தனித்தனியே சிதறிக் கிடக்கின்றன. சிறு குழந்தை நடந்து சேரும் தொலைவில் பள்ளி இருக்கவேண்டும் என்றால் அப்பள்ளி சிறியதாகத்தான் இருக்க முடியும்.

கற்பித்தல் முறைகளைப் பற்றிய நூல்களோ, பெரும்பாலும், ஒரு வகுப்பு, ஓர் ஆசிரியர், ஒத்த வயது, ஒரே மொழி என்ற அடிப்படையை வெளிப்படையாகச் சொல்லாமலேயே வைத்துக்கொண்டு எழுதப்படுகின்றன. தேர்வு முறைகளும் அதே அடிப்படையில்தான் வடிவமைக்கப்படுகின்றன. இந்த அடிப்படைகளில் ஒன்றுகூடப் பொருந்தாத வகுப்பறையில் எந்தக் கற்பித்தல் முறை தாக்குப்பிடிக்கும், எந்த மதிப்பீடு உண்மையைச் சொல்லும் என்பதே இங்கே ஆராயப்படும் கேள்வி. தமிழ்நாடு கடந்த இருபது ஆண்டுகளில் கற்பித்தல் முறையைத் துணிச்சலாகப் பலமுறை மாற்றியிருக்கிறது. ஆனால் குழந்தைக்குத் தெரியவில்லை என்பதையும், தெரிந்ததைப் பள்ளியின் மொழியில் சொல்ல முடியவில்லை என்பதையும் வேறுபடுத்திக் காட்டும் மதிப்பீட்டை அது இன்னும் உருவாக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஓர் ஆசிரியர் பல நிலை மாணவர்களைச் சமாளிக்கும் சிக்கல் தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதும் அவர்களை அடக்கிவைப்பதும் வழக்கமாக இருந்தது. 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அனாதை இல்லப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்த முயன்றார். அவருக்குக் கீழிருந்த ஆசிரியர்கள் அதற்கு உடன்படாததால், எழுத்துக் கற்பிக்கும் வேலையை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் ஒப்படைத்தார். அம்முயற்சி வெற்றி பெறவே, பள்ளி முழுவதையும் மாணவர்களே மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறையில் அமைத்து, 1797-இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது பிரிட்டனிலும் அதன் குடியேற்ற நாடுகளிலும் பரவியது. சட்டாம்பிள்ளை வழக்கத்தை பெல் எந்த அளவுக்கு இங்கிருந்து எடுத்துக்கொண்டார், எந்த அளவுக்குத் தாமே வகுத்தார் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மணலில் எழுதும் பழக்கத்தை இங்கே கண்டதாக அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

அந்த எழும்பூர்ப் பள்ளி பின்னாளில் நீலகிரிக்கு ஏறியது என்பது பலரும் கவனிக்காத செய்தி. உதகையில் 1858-இல் தொடங்கப்பட்ட லாரன்ஸ் அசைலத்துடன் அது 1870-களின் தொடக்கத்தில் இணைக்கப்பட்டது. லவ்டேலில் இன்று லாரன்ஸ் பள்ளியாக நடைபெறும் நிறுவனத்தின் வரலாற்றில் ஒரு கிளை இவ்வாறு பெல்லின் வகுப்பறைவரை செல்கிறது. உயர்ந்த கட்டணம் செலுத்த வசதியுள்ள சிறு பிரிவினருக்கான உறைவிடப் பள்ளிகளின் அந்த நீலகிரியும், தோட்டத்துப் பள்ளிகளின் நீலகிரியும் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருந்துகொண்டே ஒன்றையொன்று அறியாதவை என்பது வேறு கதை.

பெல்லின் முறையில் மதிப்பீடு எப்படி நடந்தது என்பதே இங்கு முக்கியமானது. சரியாகச் சொன்ன சிறுவன் வரிசையில் ஓரிடம் மேலேறி உட்காருவான், தவறியவன் கீழிறங்குவான். நாள்தோறும் இது பதிவேட்டில் குறிக்கப்படும். மதிப்பீடு அன்றாடம் நிகழ்ந்தது, கற்பித்தலோடு பிணைந்திருந்தது. ஆயினும் அது குழந்தையை அளந்தது பாடத்தை வைத்தன்று, பக்கத்தில் இருந்தவனை வைத்தே. குறைந்த செலவில் நூற்றுக்கணக்கானோருக்கு எழுத்தறிவு தர அது உதவியது என்றாலும், பின்தங்கியவன் ஏன் பின்தங்கினான் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை.

இக்கேள்விக்கு இடம் தந்த முறை, இருநூறு ஆண்டுகளுக்குப் பின், ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியிலிருந்து வந்தது. ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனையில் உருவான அந்தக் கல்வி நிலையம், சுற்றியிருந்த சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தியபோது, பாடநூலைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் படியேறும் வகையில் ‘பெட்டிக்குள் பள்ளி’ என்ற தொகுப்பை உருவாக்கியது. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் 2003-இல் இம்முறையை 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி வைத்தார். பின்னர் அது மாநகராட்சிப் பள்ளிகள் அனைத்துக்கும், 2007–08 வாக்கில் மாநிலத்தின் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் ‘செயல்வழிக் கற்றல்’ என்ற பெயரில் விரிவாக்கப்பட்டது.

இம்முறையின் நடுநாயகம் சுவரில் தொங்கும் கற்றல் ஏணி. ஒவ்வொரு பாடத்திலும் அடைய வேண்டிய திறன்கள் மைல்கற்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு மைல்கல்லிலும் அறிமுகம், வலுவூட்டல், பயிற்சி, மதிப்பீடு, தேவைப்பட்டால் குறைதீர் கற்றல் என்ற வரிசையில் அட்டைகள் அடுக்கப்படும். அட்டையின் மேலுள்ள விலங்கு, பறவைச் சின்னங்களைக் கொண்டு எழுத்தறியாத குழந்தையும் தன் அடுத்த அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். குழந்தைகள் பாயில் வட்டமாக அமர்வார்கள். ஆசிரியர் முழுமையாக உதவும் குழு, ஓரளவு உதவும் குழு, சக மாணவர் உதவும் குழு, தானே கற்கும் குழு, மதிப்பீட்டுக் குழு எனப் பிரிவார்கள். சுவரின் அடிப்பகுதியில் அவர்கள் கைக்கெட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை, தலைக்கு மேலே அவர்களின் படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல், நாள்தோறும் குழந்தைகளே குறிக்கும் காலநிலை அட்டவணை ஆகியவை வகுப்பறையின் தோற்றத்தையே மாற்றின. தேர்வு நாள் என்று தனியாக ஒன்று இல்லை. ஏணியின் ஒரு படியாகவே மதிப்பீடு அமைந்திருந்தது, தயாரானபோது குழந்தை அதை எதிர்கொண்டது.

சென்னையின் வகுப்பறைகளில் இது ஒரு சீர்திருத்தம். மலையிலோ, ஏற்கெனவே இருந்த நிலைமைக்குக் கிடைத்த முதல் ஒப்புதல். மூன்று வகுப்புக் குழந்தைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வகுப்புக்கும் மாறி மாறிப் பாடம் நடத்துவதற்கும், எல்லாரையும் ஏணியின் வெவ்வேறு படிகளில் நிறுத்துவதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. முதலாவதில் ஆசிரியர் ஒரு குழுவோடு இருக்கும்போது மற்ற இரண்டு குழுக்களும் காத்திருக்கின்றன. இரண்டாவதில் யாரும் காத்திருப்பதில்லை. வருகைக் குறைவையும் ஏணி தாங்கிக்கொண்டது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடலூர், பந்தலூர் பகுதிகளில் நாள்கணக்கில் பள்ளி மூடப்படுவது வழக்கம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதுபோன்ற ஆண்டுகளில் சாலையே இல்லாமற்போகும். யானை நடமாட்டம், உறவினர் வீட்டுச் சாவுச் சடங்கு, பெற்றோர் வேலை தேடி இடம்பெயர்தல் ஆகியவற்றால் பத்து நாள் வராத குழந்தை, வழக்கமான வகுப்பில் திரும்பி வரும்போது பத்துப் பாடங்களை இழந்திருக்கும். ஏணியிலோ விட்ட படியிலிருந்தே அதற்குத் தொடர முடியும். இப்பண்பைச் செயல்வழிக் கற்றலைப் பற்றிய மாநில அளவிலான விவாதங்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

குறைகளும் இருந்தன. அட்டைகள் கிழிந்தும் தொலைந்தும் போயின, ஈரப்பதம் மிகுந்த மலைக்காற்றில் அவை சீக்கிரமே நைந்தன. பாடநூலும் வீட்டுப்பாடமும் இல்லாத படிப்பு படிப்பாகுமா என்று பெற்றோர் கேட்டனர். முழு வகுப்போடும் சேர்ந்து கதை பேசும், கேள்வி கேட்கும் நேரம் சுருங்கியது. இவற்றுள் கடைசியானதே கனமான குறை. ஏனெனில், வீட்டில் பேசும் மொழி வேறாக உள்ள குழந்தைக்குப் பள்ளியின் தமிழ் காதால்தான் முதலில் வந்து சேரவேண்டும். தனி அட்டையோடு தனியே அமர்ந்திருக்கும் குழந்தைக்கு அந்த வாய்ப்புக் குறைவு.

2012–13-இல் வந்த முப்பருவ முறையும், அதனோடு ஒட்டிய தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீடும், கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு கோரியதை நிறைவேற்றும் முயற்சிகள். எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு பருவத்திலும் 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கும் 60 தொகுத்தறி மதிப்பீட்டுக்கும் ஒதுக்கப்பட்டன. இவ்விரு சொற்களின் பின்னுள்ள வேறுபாட்டை 1967-இல் மைக்கேல் ஸ்கிரிவென் என்ற கல்வியியலாளர் முன்வைத்தார்: கற்றல் நடந்துகொண்டிருக்கும்போதே அதைத் திருத்திக்கொள்ள உதவுவது வளரறி மதிப்பீடு, முடிந்தபின் என்ன எஞ்சியது என்று கூட்டிச் சொல்வது தொகுத்தறி மதிப்பீடு. 1998-இல் பால் பிளாக், டிலன் வில்லியம் ஆகியோர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, வளரறி மதிப்பீடு கற்றலை உயர்த்துகிறது என்று நிறுவினர்; ஆனால் அதிலிருந்து கிடைக்கும் தகவல் ஆசிரியரின் அடுத்த செயலை மாற்றினால் மட்டுமே அது வளரறி மதிப்பீடு எனப்படும் என்று நிபந்தனையும் விதித்தனர். ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது: மதிப்பெண் இல்லாமல் கருத்துரை மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினர்; கருத்துரையோடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் காணப்படவில்லை. வளரறி மதிப்பீட்டுக்கே நாற்பது மதிப்பெண் என்று ஒதுக்கியபோது, அதன் உயிர்நாடியான பண்பு அங்கேயே பாதி போய்விட்டது. செயல்திட்டங்களும் படத்தொகுப்புகளும் மதிப்பெண்ணுக்கான பொருள்களாயின. அவற்றுக்கான பதிவேடுகள் ஆசிரியரின் மாலை நேரத்தைத் தின்றன. மூன்று வகுப்புகளுக்கு ஒருவரே எழுதவேண்டிய பள்ளியில் அந்தச் சுமை மும்மடங்கு.

மொழிச் சிக்கலுக்கு வரும்போதுதான் நீலகிரி மற்ற மாவட்டங்களிலிருந்து உண்மையில் விலகி நிற்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு தொல்பழங்குடிகளும், எண்ணிக்கையில் பெரிய படகர் சமூகமும் தத்தம் மொழிகளைப் பேசுகின்றன. கூடலூர்ப் பகுதியில் மலையாளமும் கன்னடமும் வீட்டுமொழிகள். 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் தமிழுக்குத் தனி வாசனை உண்டு. அண்மைக் காலத்தில் ஜார்க்கண்ட், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளும் தோட்டத்துப் பள்ளிகளில் சேர்கின்றனர். இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கவேண்டும் என்று அதே 29-ஆம் பிரிவு சொல்கிறது. ‘இயன்றவரை’ என்ற சொல்லுக்குள் இந்த மொழிகள் அனைத்தும் அடங்கிப்போய்விட்டன. ஒடிசா அரசு 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதற்கு இணையான முயற்சி இல்லை.

பால் டம்ளரின் படத்தைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னால், படக மொழி பேசும் குழந்தை ‘ஹாலு’ என்று சொல்லக்கூடும். பொருளை அறிந்திருக்கிறது, பெயரையும் அறிந்திருக்கிறது. வினாத்தாளின் கணக்கில் மட்டும் விடை தவறு. இக்குழந்தைக்கும், படத்தையே அடையாளம் காணாத குழந்தைக்கும் ஒரே மதிப்பெண் கிடைக்குமானால், அம்மதிப்பெண்ணைக் கொண்டு ஆசிரியர் அடுத்து என்ன செய்ய முடியும்? முதலாமவளுக்குத் தேவை ஒரு சொல். இரண்டாமவளுக்குத் தேவை ஒரு பாடம்.

மௌனம் இன்னொரு சிக்கல். பழங்குடிப் பிள்ளைகள் வாய்மொழித் தேர்வில் பேசுவதில்லை, ஆகவே அவர்களுக்குத் தெரியவில்லை என்ற முடிவு ஆசிரியர்களிடையே சாதாரணமாகக் கேட்கப்படுவது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஆய்வு செய்த வில்லியம் லாபோவ் என்ற மொழியியலாளர் 1969-இல் எழுதியது இதற்கு நேரான மறுமொழி. எட்டு வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன், தன் பகுதியிலேயே வளர்ந்த ஒருவர் கேட்டபோதும்கூட, ஒற்றைச் சொல்லில் முனகியபடி இருந்தான். அடுத்த முறை அவனுடைய நண்பனையும் ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவலையும் கொண்டுவந்து, கேள்வியாளர் தரையில் அமர்ந்தபோது, இரு சிறுவர்களும் ஒருவரை மிஞ்சி ஒருவர் பேசினார்கள். மாறியது சிறுவனின் திறன் அன்று, தேர்வுச் சூழல். அளக்கும் கருவி, அளக்கப்படும் பொருளையே மாற்றிவிடும் என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

கூடலூரில் 1986-இல் தொடங்கப்பட்ட அக்கார்டு அமைப்பும், ஆதிவாசி முன்னேற்றச் சங்கமும், அவற்றோடு இணைந்து செயல்பட்ட விஷ்வபாரதி வித்யோதயா அறக்கட்டளையும் இச்சிக்கலை வேறு வழியில் அணுகின. வித்யோதயா பள்ளியில் பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்த இளைஞர்களே ஆசிரியர்களாகப் பயிற்றுவிக்கப்பட்டனர். பணியர் குழந்தையின் சொல்லைப் பணியர் ஆசிரியர் கேட்கும்போது, ‘தவறான தமிழ்’ என்று ஒன்று அங்கே தோன்றுவதில்லை. குழந்தை எதை எண்ணி அச்சொல்லைச் சொன்னது என்பது கேட்பவருக்கு விளங்கிவிடுகிறது. மதிப்பீட்டில் கருவியைவிடக் கேட்பவர் முக்கியம் என்பதை இம்முயற்சி காட்டுகிறது. அதே வேளையில், சில சிறு பள்ளிகளில் இயலும் இதனை மாவட்டம் முழுதும் விரிக்க, பழங்குடிச் சமூகங்களிலிருந்து தகுதி பெற்ற ஆசிரியர்கள் இன்றுள்ளதைவிடப் பல மடங்கு வேண்டும் என்பதையும் மறுக்க முடியாது.

கணக்கில் நிலைமை சற்று வேறு. தோட்டத்துப் பிள்ளைகள் கொழுந்து எடை போடுவதைப் பார்த்து வளர்கிறார்கள். கிலோ, கழிவு, விலை, கூலி என்பவை வீட்டுப் பேச்சில் அன்றாடம் அடிபடுபவை. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்பனை செய்த ஐந்து சிறுவர்களை வைத்து 1985-இல் வெளியான ஆய்வு, விற்கும் இடத்தில் கேட்ட கணக்குகளில் 98 விழுக்காட்டைச் சரியாகப் போட்ட அதே பிள்ளைகள், அதே கணக்குகளைத் தாளில் எண்களாகத் தந்தபோது 37 விழுக்காட்டையே சரியாகப் போட்டனர் என்று காட்டியது. ஏறக்குறைய நான்கரை கிலோ பசுங்கொழுந்து ஒரு கிலோ தேயிலைத்தூள் ஆகும். 90 கிலோவிலிருந்து எவ்வளவு தூள் கிடைக்கும் என்ற கேள்வியும், 90-ஐ 4.5-ஆல் வகுக்க என்ற கேள்வியும் கணிதத்தில் ஒன்றே. குழந்தைக்கு ஒன்றல்ல. இங்கே அவசரமான முடிவுக்கு வந்துவிடக் கூடாது: டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களைப் பற்றி 2025-இல் வெளியான ஆய்வு, சந்தைக் கணக்கு பள்ளிக்கணக்குக்குத் தானாக மாறுவதில்லை, பள்ளிக்கணக்கும் சந்தைக்குப் போவதில்லை என்றே கண்டது. ஆகவே வினாவில் தேயிலையின் பெயரைச் சேர்த்துவிட்டால் போதாது. மனக்கணக்காகப் போட்ட வழியைக் குழந்தையை விளக்கச் சொல்லி, அவ்வழியைத் தாளில் எப்படி எழுதுவது என்று காட்டுவதுதான் கற்பித்தல். அந்த விளக்கத்தைக் கேட்பதே வளரறி மதிப்பீடும் ஆகும்.

கொரோனாக் காலத்தில் 2020 மார்ச்சில் மூடப்பட்டு, தொடக்க வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறக்கப்பட்ட பள்ளிகளின் இழப்பை ஈடுசெய்ய, 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கி, மறு ஆண்டு ஐந்தாம் வகுப்பு வரை நீட்டிக்கப்பட்டது. வகுப்பைப் பாராமல் குழந்தை நிற்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கும் இதன் அடிப்படை சரியானது. கற்றல் ஏணியின் உட்கருத்தும் இதுதான். ஆனால் நிலையைக் கண்டறியும் மதிப்பீடு கைப்பேசிச் செயலி வழியே பதிவேற்றப்படுகிறது. செயலியின் சுமையைப் பற்றி ஆசிரியர் சங்கங்கள் மாநில அளவில் முறையிட்டிருக்கின்றன. மலை மடிப்புக்குள் இணையத் தொடர்பு கிடைக்காத பள்ளிக்கு அது இன்னொரு சுமை. அதைவிட அடிப்படையான குறை ஒன்று உண்டு: கணக்குத் தெரிந்தும் வினாவின் தமிழ் விளங்காத குழந்தையும், கணக்கே தெரியாத குழந்தையும் அதில் ஒரே ‘அரும்பு’ ஆகிறார்கள். பிரிவு செய்த பிறகு இருவருக்கும் ஒரே பயிற்சி நூல்.

இதைத் திருத்தப் புதிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. வாய்மொழி மதிப்பீட்டை இரண்டு முறை நடத்தலாம்: முதலில் குழந்தையின் வீட்டுமொழியில், அம்மொழி தெரிந்த மூத்த மாணவரோ ஊர்த் தன்னார்வலரோ உடனிருக்க, பிறகு தமிழில், ஆசிரியரே கேட்க. இரண்டையும் தனித்தனியே குறிக்கவேண்டும், கூட்டக் கூடாது. முதலாவதில் தேறி இரண்டாவதில் தவறிய குழந்தைக்கு மொழிப் பயிற்சி, இரண்டிலும் தவறிய குழந்தைக்குப் பாடப் பயிற்சி என்று அடுத்த வாரத்தின் வேலை அதிலிருந்தே பிரியும். உடனிருப்பவர் விடையை எடுத்துக்கொடுத்துவிடுவார் என்ற அச்சம் நியாயமானது. மதிப்பெண்ணாக மாறாத மதிப்பீட்டில் அப்படி எடுத்துக்கொடுக்க யாருக்கும் பெரிய காரணமில்லை என்பதே அதற்கு விடை. சட்டாம்பிள்ளைக்கு இங்கே மீண்டும் வேலை வருகிறது, ஆனால் அடக்குபவனாக வருவதில்லை, மொழிபெயர்ப்பவனாக வருகிறான். ஒரு குழந்தைக்கு ஒரு முறைக்கு ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால், இருபது குழந்தைகள் உள்ள ஈராசிரியர் பள்ளிக்குப் பருவத்துக்கு இருநூறு நிமிடம் ஆகும். பதிவேடுகளில் ஒன்றிரண்டைக் குறைத்தாலே அந்த நேரம் கிடைத்துவிடும். எந்தப் பதிவேட்டைக் குறைப்பது என்பதைப் பள்ளி முடிவு செய்ய முடியாது, அது வட்டாரக் கல்வி அலுவலகமும் அதற்கு மேலுள்ளவர்களும் எடுக்கவேண்டிய முடிவு.